இருமுறை கேட்கப்பட்ட வினா



காணி வாங்கியோ விற்றோ பழகியவர்கள், நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதும் முறையை நன்கு அறிவார்கள். உறுதி எழுதி முடிந்ததும், கையொப்பமிட வேண்டியவருக்கு அதனை வாசித்துக் காட்டிப் பொருளையும் விளக்குதல் நொத்தாரிசின் கடமையாகும். எழுத்தறியாத முதியவர் ஒருவர்கூட, "ஐயா, இதிலே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் உரிமை உடையவர். அவ்வாறு அவர் கேட்கும்போது, "அதெல்லாம் உமக்கு விளங்காது; அறிந்தவர்கள் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்; நீர் பெருவிரல் அடையாளத்தை வையும்" என்று ஒருவர் விடை சொன்னால், அம்முதியவர் என்ன செய்வார்? சால்வையை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அவர் செய்தது சரியே என்று ஊராரும் சொல்வார்கள்.

ஒரு தேசம் முழுவதுமே இவ்வாறு எழுந்து வீட்டுக்குத் திரும்பிய வரலாறு ஒன்று உண்டு. 2008 ஆம் ஆண்டு யூன் மாதம் 12 ஆம் தேதி அயர்லாந்து நாட்டு மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் உடன்படிக்கையை வேண்டாம் என்று வாக்களித்துத் தள்ளினார்கள். பதினாறு மாதங்களின் பின்னர், அதே வினா மீண்டும் அவர்கள் முன் வைக்கப்பட்டபோது, மூவரில் இருவர் ஆம் என்றார்கள். இடையிலே நிகழ்ந்தது யாது? ஆம் என்று சொல்லுங்கள் என மக்களிடம் வாக்குக் கேட்கச் சென்றவர்கள் முதல்முறை எதனைத் தவறவிட்டார்கள்? இரண்டாம் முறை எதனைக் கற்றுக்கொண்டார்கள்? ஒரு தடவை விடை சொல்லிவிட்ட மக்களிடம் அதே வினாவை மறுபடியும் கேட்பது முறைதானா? இவற்றைச் சற்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சர்வசன வாக்கெடுப்பு என்பது நம் நாட்டினருக்கும் புதிதன்று. 1982 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் தேதி விளக்கு, குடம் என்னும் இரு சின்னங்களுள் ஒன்றைத் தெரிந்து நாம் வாக்களித்ததை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமக்கு அது ஒரே ஒரு முறை வந்தது. அயர்லாந்து மக்களுக்கோ அஃது அடிக்கடி வரும் கடமை. 1937 ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற அவர்களுடைய அரசியலமைப்பில் ஒரு சொல்லை மாற்றுவதாயினும் பாராளுமன்றத்தின் சம்மதம் மட்டும் போதாது. மக்களின் சம்மதமும் வேண்டும்.

ஆயினும் பிற நாட்டவரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கைகளுக்கும் மக்களின் வாக்கு வேண்டும் என்னும் வழக்கம் எவ்வாறு உண்டாயிற்று? அதற்கு ஒரு தனி மனிதரின் பிடிவாதமே காரணம். றேமன்ட் குறொற்றி என்பவர் முதலில் கமக்காரராக இருந்து, பின்னர் பொருளியல் கற்பித்தவர். 1986 ஆம் ஆண்டு, ஐரோப்பிய நாடுகளின் பொதுச் சந்தையை மேலும் இறுக்கிப் பிணைக்கும் ஓர் உடன்படிக்கையை அரசாங்கம் ஏற்க முனைந்தபோது, மக்களைக் கேளாது இதனைச் செய்யலாகாது என்று அவர் வழக்குத் தொடர்ந்தார். அவ்வாண்டு நத்தாருக்கு முதல் நாள் நீதிமன்றம் அரசாங்கத்தின் கையைத் தடுத்து நிறுத்தியது. 1987 ஏப்ரில் மாதத்தில் உயர் நீதிமன்ற நீதியரசர் ஐவருள் மூவர் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். வெளிநாட்டுக் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ளும் அரசின் உரிமையை மக்களின் அனுமதியின்றிக் கட்டுப்படுத்தல் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஏனைய நாடுகள் எல்லாம் அயர்லாந்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அன்று தொட்டு ஐரோப்பிய உடன்படிக்கைகள் பெரும்பாலும் மக்களின் வாசற்படிக்கே வந்து சேர்ந்தன.

தொடக்கத்தில் ஆம் என்னும் விடையைப் பெறுவது அரிதாக இருக்கவில்லை. 1972 மே மாதம் 10 ஆம் தேதி, ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரலாமா என்று கேட்கப்பட்டபோது, வாக்களித்தோருள் நூற்றுக்கு 83 பேர் ஆம் என்றனர். தங்கள் மாட்டிறைச்சியையும் வெண்ணெயையும் பிரித்தானியச் சந்தை ஒன்றையே நம்பி விற்றுவந்த கமக்காரர்களுக்குப் பெருஞ்சந்தையும் நல்ல விலையும் கண்ணெதிரே தெரிந்தன. வாக்குக் கேட்கச் சென்றவர் நீண்ட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1987 இலும் 1992 இலும் ஆம் என்றோர் நூற்றுக்கு எழுபதை அண்டி நின்றனர். இந்த எளிமையே பின்னர் தீங்காய் முடிந்தது. மக்கள் எப்போதும் ஆம் என்றே சொல்வார்கள் என்னும் எண்ணம் தலைவர்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

அவ்வெண்ணத்துக்கு முதல் அடி 2001 ஆம் ஆண்டு யூன் மாதம் 7 ஆம் தேதி விழுந்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளைச் சேர்த்துக்கொள்ள வழி செய்யும் நீஸ் உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. பெருங்கட்சிகள் ஆதரித்தன, ஆனால் வீடு வீடாகச் சென்று பேசுவார் அரிதாயினர். வாக்காளருள் நூற்றுக்கு 35 பேரே வாக்குச் சாவடிக்குச் சென்றனர். அவர்களுள் 54 சதவீதத்தினர் இல்லை என்றனர். அடுத்த ஆண்டு ஒக்டோபர் மாதம் அதே உடன்படிக்கை மீண்டும் வந்தபோது 63 சதவீதத்தினர் ஆம் என்றனர்.

இவ்விரு வாக்கெடுப்புகளின் எண்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தல் நல்லது. முதல்முறை இல்லை என்றோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 29 ஆயிரம் பேர். இரண்டாம் முறை இல்லை என்றோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 35 ஆயிரம் பேர். இல்லை என்னும் வாக்கு குறையவே இல்லை. சிறிது கூடியும் இருக்கிறது. ஆம் என்னும் வாக்கோ நாலரை இலட்சத்திலிருந்து ஒன்பது இலட்சமாக இருமடங்காயிற்று. ஆதலால், எதிர்த்தவர் மனம் மாறியது பெரிதன்று. முதல்முறை வீட்டிலிருந்தவர்கள் இரண்டாம் முறை வெளியே வந்தார்கள் என்றே கொள்ள வேண்டும். எதிர்ப்பவர் எப்போதும் தாமாகவே எழுந்து செல்வார். அவரை எழுப்புவதற்கு அவருடைய ஐயமே போதும். உடன்படுபவரை மட்டும் ஒருவர் சென்று அழைக்க வேண்டியிருக்கிறது. ஆம் என்னும் வாக்குக்காக உழைப்போர் இந்த உண்மையை ஒருபோதும் மறத்தலாகாது.

இனி லிஸ்பனுக்கு வருவோம். ஐரோப்பாவுக்கு ஓர் அரசியலமைப்பு வகுக்கும் முயற்சியை 2005 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் பிரான்சு மக்களும் ஒல்லாந்து மக்களும் வாக்களித்து நிராகரித்தனர். அம்முயற்சியின் பெரும்பகுதியை வேறு வடிவில் தாங்கி வந்ததே லிஸ்பன் உடன்படிக்கை. ஒன்றியத் தலைவர்களின் மன்றத்துக்கு நிலையான தலைவர் ஒருவரை நியமித்தல். நாடுகளுள் 55 சதவீதமும் மக்கள் தொகையுள் 65 சதவீதமும் உடன்பட்டால் பல துறைகளிலே தீர்மானம் நிறைவேறும் என்னும் புதிய வாக்கு முறை. அடிப்படை உரிமைப் பட்டயத்துக்குச் சட்ட வலு. ஒன்றியத்தை விட்டு விலக விரும்பும் நாட்டுக்கு விலகும் வழி. இவை அதன் முக்கியக் கூறுகள். ஆனால் இவை ஒரு நூல்போல ஒழுங்காக எழுதப்படவில்லை. முந்திய உடன்படிக்கைகளில் இன்ன உறுப்புரையிலே இன்ன சொல்லை நீக்கி இன்ன சொல்லைச் சேர்க்க என்னும் திருத்தங்களின் நீண்ட பட்டியலாகவே அது விளங்கியது. பழைய உடன்படிக்கைகளையும் அருகில் விரித்து வைத்தாலன்றி அதனை வாசித்துப் பொருள் கொள்ளல் இயலாது.

அப்போது ஒன்றியத்தில் இருந்த 27 நாடுகளுள் 26 நாடுகளின் பாராளுமன்றங்களே இதனைத் தீர்மானித்தன. அயர்லாந்து ஒன்றே மக்களைக் கேட்டது. ஏறக்குறைய 50 கோடி மக்கள் வாழ்ந்த ஒன்றியத்திலே, 44 இலட்சம் மக்களைக் கொண்ட ஒரு சிறு நாட்டின் கையில் முடிவு தங்கியிருந்தது.

பெருங்கட்சிகள் மூன்றும் ஆம் என்றன. வணிகர் சங்கங்கள் ஆம் என்றன. ஆயினும் வாக்குக் கேட்பதில் ஊக்கம் இருக்கவில்லை. பிரதமர் பேட்டி அஹேர்ன் மே மாதத் தொடக்கத்திலே பதவி விலக, பிரயன் கவன் அப்பதவியை ஏற்றார். புதிய பிரதமருக்கு எஞ்சியிருந்தவை ஐந்து வாரங்களே. கமக்காரர் சங்கம், உலக வர்த்தகப் பேச்சுவார்த்தைகளால் தங்கள் தொழிலுக்குத் தீங்கு வரக்கூடும் என அஞ்சி, வாக்கெடுப்புக்கு ஒன்பது நாட்கள் இருக்கும் வரை ஆதரவைத் தெரிவிக்காது காத்திருந்தது. தெருவிளக்குக் கம்பங்களிலே தொங்கிய ஆதரவுச் சுவரொட்டிகள் பலவற்றில் உடன்படிக்கையைப் பற்றி இருந்ததைவிட அரசியல்வாதிகளின் முகங்களே பெரிதாக விளங்கின. மறு ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல் வர இருந்தமையால், சிலர் இதனையே தம்மை விளம்பரம் செய்துகொள்ளும் வாய்ப்பாகக் கொண்டனர் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

இவை அனைத்திலும் பெரிய பிழை வேறொன்று. உடன்படிக்கையை முதலிலிருந்து முடிவு வரை வாசித்தீரா என்று பிரதமரைக் கேட்டபோது, அவ்வாறு வாசிக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அயர்லாந்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஆணையாளர் சார்லி மக்கிரீவி ஒருபடி மேலே சென்று, தாமும் அதனை முற்றாக வாசிக்கவில்லை என்றும், அறிவுத் தெளிவுள்ள எவரும் வாசிப்பார் எனத் தாம் எதிர்பார்க்கவில்லை என்றும் கூறிவிட்டார். உண்மையைச் சொன்னார் என்று அவரைப் பாராட்டலாம். ஆனால் கையொப்பம் வாங்க வந்தவரே உறுதியை வாசிக்கவில்லை என்றால், கையொப்பமிட வேண்டியவர் என்ன நினைப்பார்?

எதிர்த்தவர்களிடமோ எளிய சொல் ஒன்று இருந்தது. 'தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடு' என்பதே அது. இடதுசாரிக் கட்சியாகிய சின் பெயினும், டெக்லன் கான்லி என்னும் செல்வந்தர் தோற்றுவித்த லிபெர்டாஸ் என்னும் அமைப்பும், சமயப் பற்றுடைய சில குழுக்களும் தத்தம் காரணங்களோடு எதிர்த்தன. அயர்லாந்தின் நடுநிலைமை போய்விடும். பிள்ளைகள் ஐரோப்பியப் படையிலே சேர்க்கப்படுவர். கம்பனிகள் செலுத்தும் பன்னிரண்டரை சதவீத வரியை வெளியார் உயர்த்துவர். கருக்கலைப்புச் சட்டம் மாற்றப்படும். அயர்லாந்துக்கென இருக்கும் ஆணையாளர் பதவி இல்லாமற் போகும் என்று பல சொல்லப்பட்டன. இவற்றுள் பெரும்பாலானவை உடன்படிக்கையில் இல்லாதவை. ஆணையாளர் பற்றியது மட்டும் உண்மையே. ஆணையாளர் தொகையைக் குறைத்து, நாடுகள் முறை வைத்து அப்பதவியைப் பெறும் ஏற்பாடு அதில் இருந்தது. ஒன்பது பொய்களுக்கு நடுவே ஒரு மெய் இருந்தால், அந்த ஒரு மெய் ஏனைய ஒன்பதுக்கும் பிணை நிற்கும் என்பது உலகியல்பு.

முடிவு, ஆம் 46.6 சதவீதம், இல்லை 53.4 சதவீதம். நாட்டின் 43 தொகுதிகளுள் பத்திலே மட்டுமே ஆம் என்பது வென்றது. நகரங்களின் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதிகளில் இல்லை என்னும் வாக்கு மிகப் பலமாக விழுந்தது. பின்னர் மக்களைக் கேட்டு ஆராய்ந்தபோது, இல்லை என்றதற்கு ஏனைய காரணங்களைவிட மிகுதியாகச் சொல்லப்பட்ட காரணம், உடன்படிக்கையைப் பற்றித் தமக்குப் போதிய அளவு தெரியாது என்பதே. ஐரோப்பாவை வெறுத்து அவர்கள் அவ்வாறு வாக்களித்தவர்கள் அல்லர். விளங்காத உறுதியிலே கைநாட்டு வைக்க மறுத்தவர்கள் அவர்கள்.

இங்கே அயர்லாந்தின் சட்டம் விதித்துள்ள சில ஒழுங்குகளையும் கூறுதல் வேண்டும். வானொலி நேயர்களுக்கு அவை சிறப்பாகச் சுவை தரும். 1995 ஆம் ஆண்டு பற்றீசியா மக்கென்னா என்னும் அம்மையார் தொடர்ந்த வழக்கிலே, பொதுப் பணத்தைச் செலவிட்டு ஒரு பக்கத்துக்கு மாத்திரம் வாக்குத் தேடும் உரிமை அரசாங்கத்துக்கு இல்லை என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதன் பயனாக 1998 இலே நீதிபதி ஒருவரின் தலைமையில் வாக்கெடுப்பு ஆணைக்குழு அமைக்கும் சட்டம் வந்தது. இரண்டாவது வழக்கு ஒலிபரப்பைப் பற்றியது. அந்தனி கொக்லன் என்னும் விரிவுரையாளர், தேசிய ஒலிபரப்பு நிலையம் ஒரு வாக்கெடுப்பின்போது கட்சிகளின் உரைகளுக்கு நேரம் ஒதுக்கியதில் ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் கிடைத்தது என்று முறையிட்டார். கட்சிகள் பெரும்பாலும் ஒரே பக்கம் நின்றமையால் அவ்வாறு நேர்ந்தது. 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அது நீதியன்று என்று கண்டது. தேர்தலிலே கட்சிகளின் பலத்துக்கேற்ப நேரம் வழங்கலாம். வாக்கெடுப்பிலோ விடைகள் இரண்டே. ஆகவே இரண்டுக்கும் தராசு சமமாக நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. பணம் கொடுத்து வானொலியில் அரசியல் விளம்பரம் செய்வதும் அங்கே தடுக்கப்பட்டுள்ளது. ஆதலால் பாராளுமன்றத்தில் பத்தில் ஒன்பது பங்கினர் தம் பக்கம் இருந்தாலும், ஆம் என்போர்க்கு ஒலிபெருக்கியின் முன்னே அதனால் தனி உரிமை எதுவும் இல்லை. அவர்கள் கால் நடையாகச் சென்று கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

இல்லை என்னும் விடை வந்ததும் அரசாங்கம் செய்தது யாது? முதலிலே மக்களின் அச்சங்களை ஆராய்ந்து, அவற்றை எடுத்துக்கொண்டு ஏனைய நாடுகளிடம் சென்றது. 2008 டிசம்பரிலே, ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையாளர் என்னும் வழக்கம் தொடரும் என்று உடன்பாடு காணப்பட்டது. 2009 யூனில், வரி விதிக்கும் உரிமை, இராணுவ நடுநிலைமை, உயிர்வாழும் உரிமை, குடும்பம், கல்வி ஆகியவை பற்றிய அயர்லாந்தின் சட்டங்களை இவ்வுடன்படிக்கை தொடாது என்னும் உறுதிமொழிகள் எழுத்திலே கிடைத்தன. அவை பின்னர் ஒரு தனி ஒப்பேடாக எழுதப்பட்டு 2014 டிசம்பரில் முழுச் சட்ட வலுவும் பெற்றன. ஆணையாளர் பற்றிய வாக்குறுதியும் காப்பாற்றப்பட்டது. அயர்லாந்து மக்களின் இல்லை என்னும் வாக்கினாலே ஏனைய சிறு நாடுகளும் தத்தம் ஆணையாளரை இழக்காது காத்துக்கொண்டன. வீணாய்ப் போன வாக்கு என்று அதனை எவரும் சொல்ல இயலாது.

இரண்டாம் முறை வாக்குக் கேட்டவர்களும் முதல்முறையினர் அல்லர். கட்சிக்காரர் சற்றுப் பின்னே நிற்க, குடிமக்கள் அமைப்புகள் முன்னே வந்தன. ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் தலைவராக இருந்த பற் கொக்ஸ் என்பவர் அத்தகைய இயக்கம் ஒன்றை நடத்தினார். மாணவரும் கமக்காரரும் தொழிற்சங்கத்தினர் பலரும் தத்தம் சூழலில் உள்ளவர்களோடு தத்தம் மொழியிலே பேசினார்கள். கமக்காரரின் ஐயத்தை இன்னொரு கமக்காரர் தீர்ப்பது எளிது. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து தலைநகரிலிருந்து வந்தவர் தீர்ப்பது அரிது. நீதிபதி பிராங் கிளார்க் தலைமை தாங்கிய வாக்கெடுப்பு ஆணைக்குழுவும் வாதங்களுக்குத் தெளிவான விளக்கம் அளித்து வந்தது. எதிர்ப்புக் குழு ஒன்று, லிஸ்பனுக்குப் பின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1.84 யூரோவா என்று கேள்விக்குறியோடு சுவரொட்டி ஒட்டியது. அப்போது அங்கே நடைமுறையில் இருந்த குறைந்தபட்ச ஊதியம் 8.65 யூரோ. உடன்படிக்கையிலே ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. இத்தகைய கூற்றுகளுக்கு முதல்முறை கோபமே விடையாக வந்தது. இரண்டாம் முறை ஏட்டைத் திறந்து காட்டி விடை சொன்னார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, முடிவை மாற்றிய இன்னொரு காரணத்தை மறைத்தால் அது நேர்மையாகாது. 2008 செப்டெம்பரிலே உலகப் பொருளாதாரம் நிலைகுலைந்தது. அயர்லாந்தின் வங்கிகள் விழும் நிலையை அடைந்தன. வங்கிகளின் கடன்களுக்கெல்லாம் அரசாங்கமே பிணை நின்றது. நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இருந்த வேலையில்லாதோர் தொகை, ஓராண்டு அளவிலே பன்னிரண்டைத் தாண்டியது. புயல் வீசும்போது துறைமுகத்தை விட்டு நீங்க யார் துணிவார்? ஆம் என்றால் வேலை கிடைக்கும் என்னும் பொருள்படச் சுவரொட்டிகள் எங்கும் தொங்கின. 2009 ஒக்டோபர் 2 ஆம் தேதி 67 சதவீதத்தினர் ஆம் என்றனர். 43 தொகுதிகளுள் 41 இலே ஆம் வென்றது. வடமேற்கே டொனகால் பகுதியின் இரு தொகுதிகள் மட்டும் தம் விடையை மாற்றவில்லை. ஆம் என்றோர் ஏழரை இலட்சத்திலிருந்து பன்னிரண்டு இலட்சமாகினர். இல்லை என்றோர் எட்டரை இலட்சத்துக்கு மேலிருந்து ஆறு இலட்சத்துக்குக் கீழே இறங்கினர். நீஸ் வாக்கெடுப்பில் எதிர்த்தவர்கள் அசையவில்லை என்று முன்னர்க் கண்டோம். இங்கே எதிர்த்தவருள்ளும் பலர் மனம் மாறினர் என்பது தெளிவு.

அவ்வாண்டு டிசம்பர் முதலாம் தேதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஆனால் சுவரொட்டிகள் சொன்ன வேலைகள் உடனே வரவில்லை. வேலையின்மை மேலும் ஏறியது. 2010 இறுதியிலே அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் கைநீட்ட வேண்டியதாயிற்று. 85 பில்லியன் யூரோ அளவிலான உதவித் திட்டம் கடும் நிபந்தனைகளோடு வந்தது. வாக்கெடுப்பிலே வேறு விடை வந்திருந்தாலும் இந்த இடர் வந்தேயிருக்கும். அதன் வேர் உடன்படிக்கையில் இல்லை, வங்கிகளிலும் வீட்டு வியாபாரத்திலுமே இருந்தது. எனினும், வேலை இழந்து நின்ற ஒருவர் அப்பழைய சுவரொட்டியை நினைந்தபோது என்ன எண்ணியிருப்பார்? பொய்யான அச்சத்தை ஊட்டி இல்லை என்று வாங்குவது பிழையென்றால், நிறைவேற்ற இயலாத நம்பிக்கையை ஊட்டி ஆம் என்று வாங்குவதும் பிழையே. பின்னையது சற்று இனிப்பாக இருப்பதனால் அதன் பிழை குறைந்துவிடாது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஒருமுறை இல்லை என்று சொன்ன மக்களிடம் மறுபடியும் கேட்பது அவர்களை அவமதிப்பதாகாதா? சரியான விடை வரும் வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று அயர்லாந்திலே பலர் கசப்போடு சொன்னார்கள். இக்கசப்பை எள்ளி நகையாடுதல் கூடாது. ஆம் என்று விடை வந்திருந்தால் இரண்டாம் முறை கேட்டிருப்பார்களா என்னும் வினாவுக்கு எவராலும் எளிதில் விடை சொல்ல இயலாது. டென்மார்க்கு மக்களும் 1992 யூன் மாதத்தில் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை மிகச் சிறிய வித்தியாசத்திலே நிராகரித்து, சில விலக்குகளைப் பெற்றுக்கொண்ட பின் 1993 மே மாதத்திலே ஏற்றார்கள். அங்கும் இதே கசப்பு எழுந்தது.

மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். மணம் பேசும் வீட்டிலே பெண் வீட்டார் முதலில் மறுத்தார்கள் என வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை வீட்டார் அவர்களுடைய மனக்குறை யாது என்று கேட்டறிந்து, அதற்குப் பரிகாரம் செய்து, மறுபடியும் வந்தால் அது குற்றமாகாது. குறையைக் கேளாது, அதே தட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு மறுநாள் காலையில் வந்து நின்றால்தான் அது அவமதிப்பு. அயர்லாந்திலே நிகழ்ந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்பதே என் கருத்து. உடன்படிக்கையின் வாசகத்திலே ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அதனைச் சுற்றிய வாக்குறுதிகள் மெய்யானவை, எழுத்திலே பதிந்தவை, பின்னர் நிறைவேற்றப்பட்டவை. இறுதி முடிவும் மக்களின் கையிலேயே இருந்தது. வேண்டுமானால் இரண்டாம் முறையும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். டொனகால் மக்கள் சொன்னார்கள் அல்லவா?

ஐரோப்பாவிலே வாக்கெடுப்பின் காலம் முடிந்துவிடவும் இல்லை. 2012 மே மாத இறுதியிலே அயர்லாந்து மக்கள், அரசாங்கங்களின் வரவு செலவைக் கட்டுப்படுத்தும் மற்றோர் உடன்படிக்கைக்கு 60 சதவீத வாக்கினால் இசைந்தார்கள். இம்முறை ஒரே தடவையிலே விடை கிடைத்தது. 2016 இலே பிரித்தானிய மக்கள் ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தபோது, அவர்கள் வெளியேறிய வாயில் லிஸ்பன் உடன்படிக்கை திறந்து வைத்த வாயிலே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நேயர்களே, வாக்குக் கேட்பவர் எவராயினும், எந்த நாட்டவராயினும், அயர்லாந்தின் இந்த வரலாற்றிலிருந்து சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம். ஆம் என்று கேட்பவர், தாம் கேட்பது என்ன என்பதைத் தாமே முதலில் வாசித்திருக்க வேண்டும். ஐயத்தை அறியாமை என்று இகழாது, அதனை ஒரு வினாவாக மதித்து விடை சொல்ல வேண்டும். எதிர்ப்பவர் கூற்றிலே மெய் எது, பொய் எது என்று பிரித்து, மெய்யை ஒப்புக்கொள்ளத் துணிய வேண்டும். தம்மால் காக்க இயலாத வாக்குறுதியைத் தூண்களிலே தொங்கவிடலாகாது. உடன்படுவார் என்று நம்பியவரையும் வீடு தேடிச் சென்று அழைக்க வேண்டும்.

வாக்களிப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடுவது தற்காப்புக்கு உதவும். ஆனால் தெரிந்துகொள்ள முயல்வதற்கு அது ஈடாகாது. உறுதியை வாசித்துக் காட்டும்படி கேட்ட முதியவர், வாசிக்கும்போது காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும் அல்லவா? அயர்லாந்து மக்கள் முதல்முறை, வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். இரண்டாம் முறை, காது கொடுத்துக் கேட்டார்கள். அதன் பின்னரே கையொப்பமிட்டார்கள். அவர்கள் இட்ட கையொப்பத்துக்கு மதிப்பு உண்டானது, முதல்முறை இட மறுத்ததனாலே என்று கூறி, என் பேச்சை நிறைவு செய்கின்றேன்.